அக்கா உருக்கிய நாற்பத்தொரு வாள்கள்

எதைக் கையில் கொடுத்தாலும் அக்கா அதைத் திருப்பி உள்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாள். சட்டையோ, தலையணை உறையோ, தையலை நகத்தால் ஒருமுறை கீறிவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாகச் சோதனை மேசையில் நிற்பவள். நான் அதே வரிசையில் நூல் வெட்டுகிறேன். வீட்டிலும் அவளோடுதான் இருக்கிறேன்.

அத்தான் கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று வாங்கினார். அதில் ஒரு வீரன் ஊர் ஊராகப் போய் பூதங்களை வெட்டுவான், வாள்களாகச் சேர்ப்பான். அக்கா ஒரு வாரம் அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"முதல் ஊர்ல வந்த பூதமும் இதுவும் ஒரே அச்சுங்க. சாயத்தை மாத்தி நாலு தடவை காட்டுறான். எங்க மேசைக்கு வந்தா மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிருவேன்."

"எந்தப் பொத்தானை எங்க அமுக்கணும்னே உனக்குத் தெரியாது. பெருசா சொல்ல வந்துட்டா!"

அவருடைய அம்மா சிரித்தார். அதன்பின் வீட்டுக்கு யார் வந்தாலும் இதே கேலி. இரண்டு வருடம் அக்கா பொறுத்துக்கொண்டாள்.

வரிசை மேற்பார்வையாளர் பதவிக்குத் தேர்வு வைத்தார்கள். காலை எட்டு மணிக்குத் தலைமை அலுவலகத்தில் இருக்க வேண்டும். அங்கே நேர் பஸ் கிடையாது, அத்தான் பைக்கில் கொண்டுவிடுவதாகப் பேச்சு. ஏழு மணிக்கே அக்கா செருப்பு மாட்டி வாசலில் நின்றாள். அவர் விடிகாலையிலிருந்து விளையாடிக்கொண்டிருந்தார்.

"அஞ்சே நிமிஷம். தீப்பந்தம் எரியிற இடத்துலதான் இதைச் சேமிக்க முடியும். இப்ப விட்டா ரெண்டு மணி நேர உழைப்பு போயிரும்."

"எனக்குப் பதினோரு வருஷம் போயிருங்க."

"தோ, வந்துட்டேன்."

அவர் எழுந்தபோது ஏழு நாற்பது. எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காவலாளி உள்ளே விடவில்லை. அக்காவுக்குப் பின்னால் சேர்ந்த ஒருத்திக்கு அந்தப் பதவி கிடைத்தது.

அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. எனக்கு அதுதான் பயம். ஞாயிறு மதியம் அத்தான் தூங்கும்போது கருவியை எடுத்துப் பழகினாள். நான் சுவரோரம் காய் நறுக்கியபடி பார்த்தேன். மூன்றாவது ஞாயிறு அந்த வீரனைக் கொல்லன் பட்டறைக்குக் கூட்டிப்போனாள். சோதனை மேசையில் துணி புரட்டுகிற அதே வேகத்தில் வாள்களை ஒவ்வொன்றாக உலையில் போட்டாள். உருக்குவது நிச்சயமா என்று ஒவ்வொரு தடவையும் திரை கேட்டது.

"நிச்சயம்," என்று முணுமுணுத்தபடி அமுக்கினாள். நாற்பத்தொரு தடவை. கடைசியில் தீப்பந்தம் வரை நடத்திப்போய், பழையது திரும்பி வராதபடி சேமித்தாள்.

அன்று சாயங்காலம் அத்தானின் கூட்டாளிகள் மூன்று பேர் வந்தார்கள். கடைசி ராட்சசனை அவர் கொல்வதைப் பார்க்கத்தான். கருவியைத் திறந்தால் ஒரு வாளும் இல்லை, வாளில்லாதவனுக்கு விளையாட்டே கொடுக்கிற விறகுக்கட்டைதான் வீரன் கையில்.

"என்னப்பா, ராட்சசனுக்கு அடுப்பு மூட்டப் போறியா?" என்றார் ஒரு கூட்டாளி.

அத்தான் முகம் வெளுத்தது. "இவதான்! இவதான் பண்ணியிருப்பா!"

"அவளுக்குப் பொத்தானே தெரியாதுன்னு ஊரெல்லாம் சொன்னியேடா," என்றார் அவர் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏண்டி, நீ ஏதாவது பாத்தியா?"

"இல்ல அத்தை."

யாரிடமும் வாய் திறக்காத நான் அன்று துணிந்து சொன்ன பொய் அது. இன்றுவரை வருத்தமில்லை.

கூட்டாளிகள் போனதும் அக்கா அவர் அருகில் போய் மெதுவாகச் சொன்னாள்: "நான்தாங்க. ரெண்டு மணி நேரமில்ல, ரெண்டு வருஷம். போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்க, பொத்தான் தெரியாதவ பண்ணிட்டான்னு."

அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அத்தான் முதல் ஊரிலிருந்து மறுபடி விளையாடுகிறார், கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். அக்கா இன்னும் சோதனை மேசையில்தான் நிற்கிறாள். அந்தப் பதவி மறுபடி எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது. அத்தானின் பைக்கில் அவள் ஏறுவதில்லை.