இடது கால் சாம்பிள்

எங்கள் பக்கத்தில் சாம்பிள் காட்டாமல் எந்த வியாபாரமும் நடக்காது. தோல் வாங்குகிறவர் ஒரு துண்டு வெட்டிக் கொடு என்பார். ஷூ வாங்குகிறவர் முதலில் ஒரு கால் செய்து காட்டு என்பார். ஒரு கால்தான், பெரும்பாலும் இடது கால். ஜோடியாகக் கொடுத்தால் எவனாவது போட்டுக்கொண்டு போய்விடுவான் என்று சிரிப்பார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில், பேக்கிங் பிரிவில், மூன்று வருடம் நின்று இதையெல்லாம் பார்த்தவள் நான். அப்படிப்பட்டவள் வேலையை விட்டுவிட்டு, வெப்சைட் செய்து தருகிறேன் என்று கடை கடையாகக் கிளம்பியபோது கையில் ஒரு சாம்பிள்கூட இல்லை. அவ்வளவு புத்திசாலி.

எங்கள் வீடு மாதனூருக்குப் பக்கத்தில். கம்பெனி பஸ் எங்கள் வாசலுக்கு எதிரிலேயே நின்று ஆட்களை ஏற்றும். வேலையை விட்ட பிறகும் காலையில் அந்த ஹாரன் என்னையே கூப்பிடுவதுபோல் இருக்கும். அம்மா பொங்கல் வரைக்கும் கெடு கொடுத்திருந்தாள். அதற்குள் நாலு கஸ்டமர் பிடிக்காவிட்டால் பழையபடி பஸ் ஏற வேண்டும். அந்த பஸ்ஸில் மறுபடி ஏறாமல் இருக்க எதையும் செய்வேன் என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வெறும் பேச்சு இல்லை என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

ஏறாத படி இல்லை. ஆம்பூர் பஜாரில் பிரியாணிக் கடைக்காரர், "வாசன வந்தா ஜனம் வருது, வெப்சைட்டு இன்னாத்துக்குமா?" என்றார். வாணியம்பாடியில் தோலுக்குச் சாயம் விற்கிறவர் வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டி, இதைவிட என்ன வேண்டும் என்று கேட்டார். வேலூரில் ஒரு லாட்ஜ் முதலாளி என்னை ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, தன் மச்சான் பையன் சும்மாவே செய்து தருவான் என்றார். அந்தப் பையன் இன்றுவரை செய்யவில்லை, நான் அவ்வப்போது தேடிப் பார்க்கிறேன். எல்லோரும் கடைசியில் கேட்டது ஒன்றுதான். "யாருக்கு செஞ்சிருக்க? காட்டு."

காட்டுவதற்கு வழி சொன்னது அண்ணி, என் அண்ணன் மனைவி. அண்ணி தையல் வேலை செய்தது ஒரு பாய் வைத்திருந்த ஷெட்டில். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை, பதினாலு மெஷின், பதினாலு பெண்கள். நான் வேலை செய்த அதே கம்பெனியிலிருந்து வெட்டிய தோல் காலையில் வண்டியில் வரும். இவர்கள் அதை ஷூவின் மேல்பாகமாகத் தைத்து சாயந்திரம் திருப்பி அனுப்புவார்கள். மத்தியானம் அண்ணி வீட்டுக்கு வந்து தன் பெண் குழந்தைக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போவாள். பஸ் ஏற வேண்டாத வேலை என்று அதைப் பார்த்து எனக்குப் பொறாமை.

பாய் முதலில் சிரித்தார். "நமக்கு இருக்கறதே ஒரு கஸ்டமரு. நம்மள யாரு பாப்பா தேடப் போறான்?"

"அதுக்குத்தான் பாய் வெப்சைட்டு. காசு வேணாம். எனக்கு சாம்பிளா இருக்கட்டும்."

சாம்பிள் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. போட்டோ எடுக்கப் போன அன்று ஷெட்டையே கழுவி வைத்திருந்தார். பெண்களை எடுத்தேன், மெஷின்களை எடுத்தேன். கிளம்பும் நேரத்தில் அவர் பீரோவைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து, கர்ச்சீப்பால் துடைத்து மேஜையில் வைத்தார். பழுப்பு நிற ஷூ, இடது கால். முன்பக்கத்தில் கைத்தையல் வரிசையாக ஓடியது.

"நம்ம பொம்பளைங்க தெச்சது. இத எடும்மா, இதுக்குமேல இன்னா வேணும்?"

எனக்குத் தெரியும். இதை எத்தனை பேரிடம் எப்படி மாற்றிச் சொல்லியிருந்தாலும், எனக்குத் தெரியும் என்பதுதான் உண்மை. அடுத்த சீசன் சாம்பிள் வருகிற நாளில் பேக்கிங் பிரிவில் எங்கள் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெளிநாட்டுக்காரன் கடையில் வைக்கும்வரை அந்த ஷூவை வெளியே யாரும் பார்க்கக் கூடாது. இதுவும் அப்படி ஒரு சாம்பிள்தான், பார்த்துத் தைக்கக் கம்பெனி கொடுத்து வைத்தது. அன்று ஜன்னல் வெளிச்சம் அந்தத் தோலின்மேல் அவ்வளவு நன்றாக விழுந்தது. ஒரு நிமிடம் யோசித்தேன், பிறகு எடுத்தேன். வெப்சைட்டின் முதல் பக்கத்தில், மேலேயே போட்டேன்.

மூன்று வாரத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு மெயில் வந்தது, இந்த ஷூவை எங்களுக்கும் செய்து தருவீர்களா என்று. பாய் ஷெட் முழுக்க ஜிலேபி கொடுத்தார். நான் அந்த மெயிலைப் படம் பிடித்து, என்னைத் திருப்பி அனுப்பிய அத்தனை பேருக்கும் அனுப்பினேன். லாட்ஜ்காரருக்கு இரண்டு முறை அனுப்பினேன்.

அடுத்த திங்கட்கிழமை தோல் வண்டி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை ஒரு வண்டி வந்து, தைக்காமல் கிடந்த தோலையும் அந்த இடது காலையும் ஏற்றிக்கொண்டு போனது.

நான் போனபோது பாய் மெஷின்களுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். "உன் மேல ஒன்னும் இல்லம்மா. நான்தான எடுத்துக் குடுத்தேன்," என்றார். எனக்குத் தெரியும் பாய், தெரிந்துதான் போட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. அவரைப் பஜாரில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.

அந்த வாரமே கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வந்தது, லேப்டாப்போடு வரச்சொல்லி. மூன்று வருடத்தில் ஒருநாளும் நுழையாத மேனேஜர் ரூமில் உட்கார்ந்து, அவர் பார்க்கப் பார்க்க அந்த வெப்சைட்டை அழித்தேன். அழித்து முடித்ததும் அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

"எங்களுக்கும் ஒரு வெப்சைட் இருக்கும்மா. தேடுனா வர மாட்டேங்குது. அந்த ஷெட்டு மட்டும் எப்டி மேல வந்துச்சி?"

கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது. "அப்ப நீயே செஞ்சி குடுத்துடு," என்றார். பாய்க்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள் சார் என்று கேட்க அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. நான் கேட்டது, "எப்ப ஆரம்பிக்கலாம் சார்?"

அண்ணி அதே கம்பெனியில் தையல் லைனில் சேர்ந்தாள். காலையில் ஹாரன் அடித்தால் இப்போது அவள் ஓடுகிறாள். குழந்தைக்கு மத்தியானம் என் அம்மா ஊட்டுகிறாள், அது பாதி துப்பிவிடுகிறது. அண்ணி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாய் எடுக்கச் சொன்னார், நான் விவரம் தெரியாமல் எடுத்துவிட்டேன் என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கம்பெனிக்குப் போட்டோ எடுக்கப் போனபோது அந்தப் பழுப்பு ஷூ கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதற்குள் வெளிநாட்டுக் கடைகளுக்குப் போய்விட்டதாம், இனி யார் பார்த்தாலும் பரவாயில்லையாம். தொழிலாளி ஒருவர் கையில் வைத்து எடு, முகம் மட்டும் வேண்டாம் என்றார் மேனேஜர். நான் அண்ணியைக் கூப்பிட்டேன். அவள் ஷூவை வாங்கி, முன்பக்கத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது பாய் ஷெட்டுல நாங்க தெச்சதும்மா."

"தெரியும் அண்ணி. கைய கொஞ்சம் திருப்புங்க."

அந்தப் படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டேன். ஒவ்வொரு தையலும் எங்கள் சொந்தத் தொழிற்சாலையிலேயே போடப்பட்டது என்று. மேனேஜர் அதைக் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. அந்த இடத்தில் ஒரு வரி இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, நானே எழுதினேன்.

பொங்கலுக்குள் எனக்கு ஐந்து கஸ்டமர். லாட்ஜ்காரரும் அதில் ஒருவர். சாம்பிள் காட்டு என்றால் கம்பெனி பக்கத்தைத் திறந்து காட்டுகிறேன், மேற்கொண்டு பேச்சே இல்லை. அம்மா தெருவெல்லாம் என் பெருமைதான் பேசுகிறாள்.

பொங்கலன்று சாயந்திரம் அண்ணி என் போனை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தாள். "கீழ இன்னா எழுதி இருக்கு?" என்றாள்.

"ரொம்ப நல்லா தெச்சிருக்காங்கன்னு போட்டிருக்கு அண்ணி."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "பாருடி, அம்மா கை," என்று காட்டினாள்.