அலிபிரியில் கறுத்த எண்ணெய்

திருமலைக்குப் புறப்படும்போதெல்லாம் என் நைனா வேனுக்கு இஞ்சின் ஆயில் மாற்றிவிடுவார். நாங்கள் தலைக்குக் குளிப்பதைப்போல வண்டிக்கும் அது ஒரு குளியல். முன்பிருந்தது பெட்ரோல் வண்டி; ஊற்றிய எண்ணெய் பல நாள் தேன் நிறத்திலேயே இருக்கும். இந்த டீசல் வேனை வாங்கிச் சில மாதங்கள்தான். வரதய்யபாளையத்துப் பெண்களைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போகும் இந்த வேன்தான் எங்களுக்குச் சோறு.

போன தை மாதம், விடிகிற வேளையில் மலையடிவாரத்து அலிபிரியில் நிறுத்தி, சீட்டைத் தூக்கி, ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். முந்தின நாள்தான் ஊற்றிய எண்ணெய் கன்னங்கரேலென்று வந்தது.

"மையாட்டம் கீது. இஞ்சின் போச்சி. நீங்க பஸ்ல மேல போங்க. நான் இத இப்டியே நாயுடுபேட்டைல வித்துத் தள்ளிட்டு வரேன்."

போன தடவை மாற்றிய எண்ணெயும் இப்படிக் கறுத்ததிலிருந்தே வண்டித் தரகரிடம் பேசி வைத்திருந்தார்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். எதையும் வரிசையாகத்தான் பார்ப்பேன். விரலில் தேய்த்தேன்: வழுவழுப்பு இருந்தது. முகர்ந்தேன்: டீசல் வாடை இல்லை. வெளிச்சத்தில் காட்டினேன்: இரும்புத் துகள் மினுங்கவில்லை, தண்ணீர் கலந்து பால்போலக் கலங்கவும் இல்லை. கறுப்பு மட்டும்தான்.

மலைமேல் பனி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. விரலைப் பார்த்தபடியே நான் இஞ்சினுக்குள் போய்விட்டேன். அங்கே ஒரே இருட்டு. இரும்பும் இரும்பும் உரசப் பார்க்கும் இடத்தில் முடியைவிட மெல்லிதாக எண்ணெய் புகுந்து, ஒன்றையொன்று தொடவிடாமல் மிதக்கவைக்கிறது. சூட்டை வாங்கிக்கொண்டு கீழே இறங்குகிறது, ஆறுகிறது, மறுபடி ஏறுகிறது. டீசல் எரிந்த கரி எங்கும் படியாதபடி, பொடிப்பொடியாகத் தன்மேல் ஏந்திக்கொள்கிறது. மூலையில் தங்கிய பழைய கரியையும் விடுவதில்லை.

"இன்னா பாப்பா, தூங்கினு கீறியா?"

"நைனா, வேட்டி துவைச்ச தண்ணி வெள்ளையாவா இருக்கும்?"

"ஒங்க நைனா வேட்டியா? குழாயே அடைச்சிக்கும்" என்றாள் அம்மா, வேனுக்குள்ளிருந்து.

"அழுக்க எண்ணெய் எடுத்துக்கிது, அதான் கறுக்குது. டீசல் வண்டில கறுக்கலன்னாதான் பயப்படணும்."

அவர் எங்களை இறக்கிவிடவில்லை. கம்பியைத் துடைத்துச் செருகி, வண்டியை எடுத்தார். வளைவுக்கு வளைவு கியரை மாற்றி, காதைக் கீழே சாய்த்துக் கேட்டுக்கொண்டே ஏறினார். சத்தம் ஒரே சீராக, தூக்கத்தில் வரும் மூச்சுபோல இருந்தது.

மேலே போய் நிறுத்தியதும் தரகருக்குப் போன் போட்டார். "பண்டி அம்மட்டம் லேதன்னா. மா அம்மாயி ஒத்தண்டோந்தி." வண்டியை விற்கவில்லையாம், வேண்டாமென்று மகள் சொல்கிறாளாம்.

பிறகு என்னைப் பார்த்தார். "இனிமே கறுக்கலன்னா ஒன்னதான் கேப்பேன்."