செத்த ராணிகளுக்குக் கைதட்டியவர்கள்

செத்துப்போன பெண்களைப் புகழ்வதில் எங்கள் மலையின் பெரிய மனிதர்களுக்குச் சலிப்பே வராது. வாள் பிடித்த ராணியாக இருக்கலாம், அரசவையில் நின்று நியாயம் கேட்ட காப்பியப் பெண்ணாக இருக்கலாம், பாட்டெழுதிய சங்கப் புலவராக இருக்கலாம். யாரானாலும் அவள் உயிரோடு இருக்கக் கூடாது. உயிரோடு இருப்பவள் எதையாவது கேட்டுத் தொலைப்பாள்.

நான் குன்னூரில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் நடத்துகிறேன். அந்தப் பெண்களை வைத்துத்தான் என் பிழைப்பும் ஓடுகிறது. அதனால் இங்கே நான் துப்புகிற எச்சிலில் கொஞ்சம் என் மேலும் விழும். விழட்டும்.

சில வருடங்களுக்கு முன்பு, மார்ச் மாதத்தில், கோத்தகிரியிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். கொஞ்சம் தள்ளி ஒரு தேயிலைத் தோட்டமும் அவருக்கு உண்டு. ஓய்வு நேரத்தில் இலக்கிய மன்றம் ஒன்றின் செயலாளர்.

"ஏனுங்க டீச்சர், மகளிர் தினத்துக்குப் பட்டிமன்றம் வச்சிருக்கறமுங்க. பேசறதா இருந்த அம்மாவுக்குக் காய்ச்சல். நீங்கதான் வந்து ஒப்பேத்திக் குடுக்கோணும்."

வரலாற்றிலும் இலக்கியத்திலும் பெண்ணுக்குப் பெருமை சேர்ப்பது வீரமா, பொறுமையா என்பது தலைப்பு. எனக்குப் பொறுமை. ஊட்டியிலிருந்து வந்த இன்னொரு டீச்சருக்கும் பொறுமை. வீரத்தைப் பேச இரண்டு ஆண்களை ஏற்கெனவே பிடித்துவைத்திருந்தார்கள்.

"அப்புறம் இன்னொன்னுங்க" என்றார். "மேடையில ஸ்வெட்டர் போடாம இருந்தீங்கன்னா நல்லாருக்குமுங்க. போட்டோவுல பட்டுச்சேலை எடுப்பாத் தெரியோணும் பாருங்க."

அப்போதே போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. மைக் என்றால் எனக்கும் ஆசைதான்.

பட்டிமன்றத்தன்று காலையிலிருந்தே கோத்தகிரியில் பனிமூட்டம். மண்டபத்துக்குள்ளேயே வாயைத் திறந்தால் புகை வந்தது. நடுவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற அதிகாரி. கோட்டு, மஃப்ளர், மைக்கைப் பிடிக்கும்வரை தலையில் குரங்குக் குல்லா. வீரம் பேச வந்த இருவரும் கோட்டில் இருந்தார்கள். பொறுமை பேச வந்த நாங்கள் இரண்டு பேரும் பட்டுச்சேலையில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தோம். தலைப்புக்கு வேறு உதாரணமே தேவையில்லை என்று அந்த டீச்சர் என் காதில் சொன்னாள்.

முன்வரிசைகளில் செயலாளரின் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் நாற்பது பேர். அரை நாள் லீவு கொடுத்து வேனில் ஏற்றி வந்திருந்தார். கூட்டம் வேண்டுமல்லவா? சூப்பர்வைசர் ஓரத்தில் நின்று, எப்போது கைதட்ட வேண்டும் என்று கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தான்.

வீரத்தின் முதல் பேச்சாளர் ஒரு ராணியைப் பற்றி முழங்கினார். மூன்று பகல், மூன்று இரவு குதிரையை விட்டு இறங்காமல் போரிட்டாளாம். எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. கைதட்டல் அடங்கியபோது மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சின்ன வயதில் இலங்கையிலிருந்து குடும்பத்தோடு வந்தவள் என்று அவள் வாயைத் திறந்ததுமே தெரிந்தது.

"மூணு நாளு எறங்கவே இல்லேன்னு சொல்றீங்களேங்க ஐயா, அந்தம்மா எங்க ஒதுங்குனாங்க?"

மண்டபம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"கேலிக்குக் கேக்கலங்க. காலையில மலைக்கு ஏறுனா சாயங்காலந்தான் நாங்க லயத்து வீட்டுக்கு எறங்குறது. அது வரைக்கும் அடக்கிக்கிட்டே கொழுந்து எடுக்கணும். போன மாசம் காட்டு ஓரமா ஒதுங்கப் போன புள்ளையக் காட்டெருமை முட்டிப்போட்டுருச்சு. இடுப்பு ஒடஞ்சு லயத்துல படுத்துக் கெடக்கு. ஒரு கக்கூசு கட்டித் தாங்கன்னு ரெண்டு வருசமா நம்ம தொரைகிட்ட கேக்குறோம். அந்தா, மேடையிலதான் ஒக்காந்திருக்காரு."

செயலாளர் தன் ஷூவைப் பார்த்தார். நடுவர்தான் கைகொடுத்தார்.

"அம்மா, இதையெல்லாம் இங்க பேசினா மன்றம் போயிரும். வெறும் பட்டிதான் மிஞ்சும்!"

மாடு அடைக்கிற பட்டி. முன்வரிசையில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார். பின்வரிசைக் கடைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சற்று முன்பு, தொடக்க உரையில்தான், அரசவையில் தனியாளாக நின்று கேள்வி கேட்ட பெண்ணைச் சொல்லி அவர் கண் கலங்கியிருந்தார். எதிரே ஒருத்தி அதே மாதிரி நின்றபோது அவருக்குத் தோன்றியது இந்த நகைச்சுவைதான். சூப்பர்வைசர் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள்.

இந்த இடத்தில், எழுதி வந்த தாளைக் கிழித்துப் போட்டேன் என்று எழுதினால் எனக்கு நன்றாகத்தான் இருக்கும். நான் கிழிக்கவில்லை. பொறுமையின் சிகரங்கள் என்று பன்னிரண்டு நிமிடம் பேசினேன். உச்சரிப்பு சுத்தமாக இருந்ததாக நடுவர் பாராட்டினார். மூன்றாவது வரிசைப் பக்கம் மட்டும் நான் திரும்பவே இல்லை.

தீர்ப்பு வழக்கம்போல: பொறுமையே பெரிய வீரம். பிறகு செயலாளருக்குச் சங்கடத்தைத் துடைக்க ஒரு யோசனை வந்தது. கேள்வி கேட்ட அந்தப் பெண்ணையே மேடைக்கு அழைத்து, "எங்க தோட்டத்து வீரமங்கை" என்று சொல்லிப் பொன்னாடையை விரித்தார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"இது வேணாங்க தொரை. கதவு வச்ச ரெண்டு ரூமு போதும்."

சொல்லிவிட்டு இறங்கி நேராக வாசலுக்கு நடந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள். யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை, சத்தமும் இல்லை. வேன் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால் நடந்தே கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எடுத்த குரூப் போட்டோவில் நான் இருக்கிறேன். நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அதோடு அவர்கள் விடவில்லை. ஏப்ரலில் மழை விழுந்து கொழுந்து தளதளவென்று கிளம்பிய நேரமாகப் பார்த்து, நாற்பது பேரும் எடைக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பறிக்காமல் விட்டால் இலை முற்றிவிடும், ஃபேக்டரியில் எடுக்க மாட்டார்கள். இலக்கியத்தைவிட இது செயலாளருக்கு நன்றாகப் புரிந்தது. ஐந்தாம் நாள் கொத்தனார் வந்தார்.

கட்டி முடித்ததும் செயலாளர் செய்ததைக் கேளுங்கள். தகரக் கூரை போட்ட இரண்டு கழிப்பறைகளுக்குத் திறப்பு விழா வைத்தார். சுவரில் குதிரை மேல் ஒரு ராணி, கையில் வாள், பக்கத்தில் அவர் பெயர். என்னைச் சிறப்புரை ஆற்றக் கூப்பிட்டார்.

"பெண்மையப் போற்றி ரெண்டு வார்த்தை பேசிக் குடுங்க டீச்சர்."

"கக்கூசைத் திறக்கிறதுக்கு எதுக்குங்க பெண்மை?" என்று கேட்டு போனை வைத்தேன். இந்தக் கதையில் என் வீரம் மொத்தமும் அவ்வளவுதான். அதுவும் போனில்.

ஜூன் மாதம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பை நிறைய காய் வாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். நானாகப் போய்ப் பேசினேன். அன்றைக்கு நானும் மேடையில் இருந்தேன் என்றேன்.

"தெரியுங்க. நல்லாப் பேசுனீங்களே, பொறுமையப் பத்தி."

குத்தலாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் காது சுட்டது.

"உங்க பக்கம் நின்னு பேசியிருக்கணும். பேசல" என்றேன்.

"நீங்க பேசியிருந்தாலும் அவரு அன்னிக்கே கட்டியிருக்கப் போறதில்லீங்க." அவள் பையைக் கை மாற்றிக்கொண்டாள். என்னைச் சமாதானப்படுத்த வேண்டும் என்றெல்லாம் அவள் நினைத்ததாகத் தெரியவில்லை.

இடுப்பு ஒடிந்த பெண்ணைப் பற்றிக் கேட்டேன். கம்பு ஊன்றி நடக்கிறாளாம், இனிமேல் மலைக்கு ஏற முடியாதாம்.

"ரூமாவது உபயோகப்படுதா?"

"எங்கீங்க! அசிங்கம் பண்ணிருவோம்னு பூட்டுப் போட்டு, சாவியச் சூப்பர்வைசர் கையில குடுத்துட்டாரு. ஒவ்வொருக்காவும் அவன்கிட்டப் போய்க் கேட்டு வாங்கணுமாம்."

"அப்புறம்?"

"ரெண்டு நாளு பாத்தோம். கல்ல எடுத்துப் பூட்ட ஒடச்சுட்டோம்."

அவளுடைய பஸ் வந்தது. பையை முதலில் உள்ளே தள்ளிவிட்டு, ஜன்னல் ஓரம் இடம் பிடிக்கக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறினாள்.