பதினோரு தட்டுச் சீர்

தாமரைச்செல்விங்கிற பேரை நான் முதலில் கேட்டது என் தங்கச்சியின் புலம்பலில்தான். என் தங்கச்சி சுந்தரம்மாள் தன் மகன் சிவபாண்டிக்குப் பெண் பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏக்கா, திருவாதவூர்ப் பொண்ணு, பேரு தாமரைச்செல்வி. ஆளு லட்சணமாத்தான் இருக்கா. ஆனா வாயப் பாரு! 'கடன் வாங்கிக் கல்யாணம் பண்றதா இருந்தா எனக்குக் கல்யாணமே வேணாம். ரெண்டு வீட்லயும் கையில இருக்கறதுக்குள்ள பண்ணுங்க'ன்னு எங்க மூஞ்சிக்கு நேராச் சொல்றா."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? இந்தப் பய எனக்கு இந்தப் பொண்ணுதான்னு உக்காந்துட்டான்."

தாமரையின் அப்பாவுக்கு முக்கால் ஏக்கர் வயல் இருந்திருக்கிறது. மூத்தவளைக் கட்டிக்கொடுக்க வட்டிக்கு வாங்கினதில் அது போய்விட்டது. விற்ற வயலிலேயே அவள் அம்மா கூலிக்கு நாற்று நட்டதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. திருப்பரங்குன்றம் கோயிலில் தாலி கட்டி, அறுபது பேருக்குச் சாப்பாடு போட்டு, கல்யாணம் முடிந்தது.

பழங்காநத்தத்தில் ஒரு அறையும் அடுப்படியுமாய் வாடகை வீடு. சிவபாண்டி அப்போது அடுத்தவன் லோடு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் கை நிறைய வரும், மழை பெய்தால் ஒன்றும் வராது. தாமரை அப்பளக் கம்பெனிக்குப் போனாள். அவள் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. இந்த மாசம் வருகிற காசை இந்த மாசம் தொடக்கூடாது, போன மாசத்துக் காசில்தான் இந்த மாசம் உலை வைக்கணும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த முதல் ஒரு மாசத்துக் காசை மிச்சம் பிடிக்க அவர்களுக்கு ஏழு மாசம் ஆனது. அந்த ஏழு மாசமும் ரேஷன் அரிசி, ரசம், தெருமுனை முருங்கையில் கீரை. சிவபாண்டி என் வீட்டுக்கு வந்து கறிக்குழம்பைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

தெருவில் எல்லோரும் மளிகைக் கடையில் நோட்டுப் போட்டுக் கடனுக்கு வாங்குவார்கள். இவள் மட்டும் காசை நீட்டுவாள். கடைக்காரர் ஒரு நாள் கேட்டே விட்டார்.

"ஏம்மா, எங்கமேல நம்பிக்கை இல்லையா? நோட்டுப் போட மாட்டேங்குற?"

"காசக் குடுத்தாத்தானண்ணே பருப்புல கல்லு கிடந்தா உங்ககிட்டச் சண்ட போட முடியும்."

ஒன்பதாம் வருசம் சிவபாண்டி பழைய குட்டியானை லோடு வண்டி ஒன்றை முழுக் காசும் கொடுத்து வாங்கினான். மாட்டுத்தாவணியில் காய்கறி லோடு. அதன்பிறகு ஆறேழு வருசம் ஒழுங்காகப் போனது. அப்போதுதான் அவன் தங்கச்சி தங்கப்பொண்ணு தன் மகள் ராஜஸ்ரீக்குக் காதுகுத்து வைத்தாள்.

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் முதல் ஆள். அவன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மேளம், வேட்டு, கிடா, நகை, தட்டு தட்டாய்ச் சீர் எல்லாம் அவன் கொண்டு வரணும். எத்தனை தட்டு வந்தது என்று பத்து வருசம் பேசுவார்கள். தங்கப்பொண்ணு ஐம்பத்தொரு தட்டு எதிர்பார்த்தாள். கூட்டிப் பார்த்தால் ஒன்றரை லட்சம் ஆகும்.

"வாங்கிச் செஞ்சிருவோம்," என்றான் சிவபாண்டி. "நம்ம பய கல்யாணத்துல மொய்யாத் திரும்பி வந்துரும்."

"வரும்ங்க. ஆனா அதுக்குள்ள வட்டி நம்ம பயல விட வேகமா வளந்துரும்."

நானும்தான் அவளிடம் சொன்னேன், ஒரு தடவைதானே, வாங்கிச் செய்துவிட்டுப் போ என்று. அவள் மசியவில்லை.

அவளுக்குத் தெரியாமல் சிவபாண்டி வண்டியின் ஆர்.சி. புக்கை ஒரு பைனான்ஸில் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டான். மறுநாள் பணம் கைக்கு வரணும். இன்சூரன்ஸ் தாளைத் தேடிப் பெட்டியைத் திறந்தவள் புக்கைக் காணாமல் அவனைக் கேட்டாள். மறைக்கத் தெரியாதவன், சொல்லிவிட்டான். சத்தம் போடவில்லை அவள். "வாங்க போவோம்" என்று அவனையே கூட்டிக்கொண்டு போய் புக்கைத் திருப்பி வாங்கினாள். எழுதின கூலி என்று ஐந்நூறு ரூபாய் பிடுங்கிக்கொண்டார்கள். வாங்காத கடனுக்குக் காசு கட்டினவள் எங்கள் வம்சத்திலேயே இவள் ஒருத்திதான்.

மறுநாள் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு திருநகரில் தங்கப்பொண்ணு வீட்டுக்குப் போனாள். காபி வந்தது. தொடவில்லை.

"தங்கப்பொண்ணு, உங்கண்ணன் வண்டிய அடகு வச்சு உனக்குச் சீர் செய்யப் பாத்தாரு. நான் தடுத்துட்டேன். மூணு வருசமாச் சீருக்குன்னு சேத்தது நாப்பத்தாறாயிரம் இருக்கு. அரைப் பவுன் தோடு, ஒரு கிடா, பட்டுப்பாவாடை, பதினோரு தட்டு. அம்புட்டுத்தான் வரும். மண்டபத்துல வச்சு நீ ஏமாறக்கூடாதுன்னு முன்னாடியே சொல்ல வந்தேன்."

"பதினோரு தட்டா? எங்க ஓர்ப்படியாளுக்கு நூத்தியோரு தட்டு வந்துச்சு மதினி! அந்தச் சபையில எங்கண்ணன் தலையக் குனிஞ்சு நிக்கணுமா?"

"வண்டி போனா வருசம் பூராக் குனிஞ்சுதான நிக்கணும்?"

"அப்ப நீங்க யாரும் வரவே வேணாம். எனக்கு அண்ணனே இல்லன்னு நினைச்சுக்கிறேன்!"

தங்கப்பொண்ணு புருசன் நல்லகாமன்தான் இடையில் வந்தான். "ஏய், சும்மா இரு. பிளக்ஸ்ல தாய்மாமன்னு மாப்ள படத்த கட்டில் நீளத்துக்குப் போட்டாச்சு. இனி எங்கிட்டுக் கூடி அழிக்கிறது?"

பஸ் ஸ்டாப்பில் நான் கேட்டேன். "ஏத்தா, அண்ணனையும் தங்கச்சியையும் பிரிச்சிராத. கூடப் பிறந்தது அவ ஒருத்திதான் அவனுக்கு."

"அது பிரியக்கூடாதுன்னுதான் பெரியத்தை. எங்கப்பா சாகுற வரைக்கும் எங்கக்கா கூடப் பேசல. இவளாலதான் வயலு போச்சுன்னு மனசுல வச்சுக்கிட்டாரு. அவ என்ன பாவம் பண்ணுனா? கடன் வாங்கிச் சீர் செஞ்சா, தவணை கட்ட முடியாத அன்னைக்கு இவரும் தங்கச்சியத்தான் வைவாரு."



காதுகுத்து அன்று காலையில் சிவபாண்டி வரமாட்டேன் என்று படுத்துவிட்டான். "எம் மூஞ்சிய எங்கிட்டுக் கொண்டு போயி வைக்க?"

"மூஞ்சிய விடுங்க. அந்தப் பிள்ளைக்கு உக்கார மடி வேணும். எந்திரிங்க."

மண்டபத்துக்குள் பதினோரு தட்டு வரிசையாய் வந்ததும் சம்பந்த வழியில் ஒரு பெரியவர் உரக்கக் கேட்டார். "என்ன மாப்ள, மிச்சத் தட்டெல்லாம் பின்னால வண்டியில வருதா?"

"இல்லண்ணே," என்றாள் தாமரை. "வண்டி எங்க வாசல்லயே நிக்கட்டுமேன்னுதான் தட்டக் கொறச்சோம்."

நாலு பேர் சிரித்தார்கள். தங்கப்பொண்ணு சிரிக்கவில்லை. காது குத்தும்போது பிள்ளை அலறி மாமன் சட்டையைப் பிடித்ததுதான், பந்தி முடிகிறவரைக்கும் இறங்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே சாப்பிட உட்கார்ந்த அண்ணனை ஏறிட்டுப் பார்த்தாள் தங்கப்பொண்ணு. அவன் இலைக்குத் தானே கறி வைத்தாள். பக்கத்தில் தாமரையின் இலைக்கு வேறு ஆளை விட்டு வைக்கச் சொன்னாள்.

இது நடந்து ஐந்து வருசம் இருக்கும். தங்கப்பொண்ணு பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். வாரம் ஒரு தடவை அண்ணனோடு போனில் பேசுகிறாள். தாமரை எடுத்தால் மட்டும், "அண்ணன்ட்டக் குடுங்க" என்பதோடு சரி. தாமரையும் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளுக்கு அது வருத்தம்தான், என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

தாமரைச்செல்வி இப்போதும் பழங்காநத்தத்தில் அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். மகன் பாலிடெக்னிக்கில் ரெண்டாம் வருசம் படிக்கிறான். அவள் அப்பளக் கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறாள்.