காவடி பார்த்த வேன்காரர்

நேற்று திருத்தணி மலையடிவாரத்தில் என் மின்சார கார் மீது பின்னால் வந்த வேன் மோதி, டிக்கி நசுங்கிவிட்டது.

இன்று ஒர்க்‌ஷாப்பில் இன்சூரன்ஸ் அதிகாரி என்னிடம், "இந்த வண்டிங்க ஆக்ஸிலேட்டர விட்டாலே சட்டுனு வேகம் குறையும். பிரேக் லைட் எரிஞ்சுதா?" என்று கேட்டார்.

எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. எரியவில்லை என்றால் பழி என்மேல்தான்.

வேன் ஓட்டிய பள்ளிப்பட்டு அண்ணனும் சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தார். அவர்தான் பதில் சொன்னார்.

"லைட்டு நல்லாவே எரிஞ்சிதுங்க. அக்கா மேல தப்பில்ல. நான்தான் மயில் காவடிய பாத்துகினே வந்துட்டேன்."

"அப்படிச் சொன்னா எல்லாம் உங்க மேலதாங்க வரும்" என்றார் அதிகாரி.

"ஆங், வரட்டுங்க. நடந்தது அதான?"

எனக்குக் கோபமெல்லாம் போய், அவரைக் கும்பிடத் தோன்றியது.

எங்கள் வீட்டில் மூன்று பேர் கார் ஓட்டுகிறோம். தப்பு எப்போதும் எதிரே வந்தவன் மேல்தான். உங்கள் வீட்டில் எப்படி?