செட்டியார் பொம்மையின் வயிற்றில்

அம்மாவுக்குப் பாங்கு லாக்கர் மேல் நம்பிக்கை கிடையாது. பூட்டைப் பார்த்தால்தான் திருடனுக்கே ஆசை வரும் என்பாள். கரமனையில் எங்கள் வீட்டில் எந்தச் சாமானையும் அதன் முகத்தைப் பார்த்து நம்ப முடியாது. பேட்டரி இல்லாத டார்ச்சுக்குள் மோதிரம் இருக்கும். வெந்தய டப்பாவின் அடியில் சங்கிலி கிடக்கும். காலி பவுடர் டப்பா என்று ஒருமுறை நான் குப்பையில் போட்டதற்குள் ஜிமிக்கி இருந்தது. கூடையைத் தரையில் கவிழ்த்து அதை மீட்ட அம்மா, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வழுக்கி விழுந்து அம்மா படுக்கையானபோது, கழக்கூட்டத்து ஆபீசை விட முடியாமல் நான் ஒரு ஹோம் நர்ஸை வைத்தேன். பாறசாலைக்காரி. புருஷன் இல்லை, ஒரே மகள் ஊரில் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் அம்மாவைக் குளிப்பாட்டி, தலைவாரி, கோபத்தில் அம்மா தட்டிவிட்ட கஞ்சியைத் துடைத்தவள் அவள்தான். நான் சனி ஞாயிறு மகள்.

ஆவணியில் அம்மா போனாள். பதிமூன்று நாள் காரியம் முடியும்வரை நர்ஸும் இருந்து பாத்திரம் தேய்த்தாள். மறுநாள் காலை அவள் ஊருக்குக் கிளம்பத் தயாராக இருந்தபோதுதான் நான் நகைகளைத் தேடி எடுத்தேன். டார்ச், வெந்தயம், பவுடர் என்று ஒவ்வொன்றாகக் கிடைத்தது. எட்டுக்கல் வைரத் தோடு மட்டும் இல்லை. அம்மா கல்யாணத்துக்குப் போட்டு வந்த தோடு. அரிசியைக் கொட்டினேன், தலையணையைக் கிழித்தேன். கடைசியில் வாசலில் நின்றவள் பக்கம் திரும்பினேன்.

அவள் சொன்னாள்: "பொம்மப் பெட்டியில பாத்தியளா அக்கா? போன கொலு முடிஞ்சு கட்டிலுக்குப் பக்கத்துல வச்சு எடுத்து வைக்கும்போ, அம்மா அதுலதான் ரொம்ப நேரம் கைய வச்சிட்டு இருந்தாவ."

"சாவு விழுந்த ஆத்துல வருஷம் திரும்பாம கொலுப் பெட்டியத் தொடப்படாது. என்னைத் திசை திருப்பாதே. நீ முதல்ல உன் பையைத் திற."

அவள் திறந்தாள். இரண்டு நைட்டி, ஒரு எண்ணெய்ப் பாட்டில், பள்ளிச் சீருடையில் மகளின் போட்டோ. ஒவ்வொன்றையும் உதறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லாதது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. வெளியே யாரிடமோ கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் பஸ் ஏறுவதற்குள் ஏஜென்சிக்குப் போன் செய்து, இனி இவளை எந்த வீட்டுக்கும் அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வருடம் கொலு வைக்கவில்லை. முதல் வருஷத் திதியான வருஷாப்திகம் முடிந்து அடுத்த நவராத்திரிக்குப் பெட்டியை இறக்கினேன். பழைய வேட்டித் துணியைப் பிரித்துச் செட்டியாரை எடுத்தேன். கடை விரித்து உட்கார்ந்திருக்கும் தொப்பைச் செட்டியார், உள்ளே பொள்ளல், வெறும் கூடு. அடியில் துணி திணித்திருந்தது. இழுத்தேன். தோடு என் மடியில் விழுந்தது.

அம்மாவின் பொம்மைப் பெட்டிக்குத் தீட்டுப் பார்த்தேன். உழைத்துப் பிழைக்கிறவளின் பையைக் கொட்டிப் பார்க்க எனக்கு எந்தத் தீட்டும் குறுக்கே வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் கூசிப்போகிறேன்.

ஏஜென்சியில் விலாசம் வாங்கிக்கொண்டு மறுநாளே பாறசாலைக்குப் போனேன். என் போனுக்குப் பிறகு அவளுக்கு எந்த வீட்டிலும் வேலை கிடைக்கவில்லையாம். ஒரு ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறாளாம். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. தோடு கிடைத்ததைச் சொன்னேன், மன்னித்துவிடு என்றேன், அழுதேன்.

"எங்கிட்ட சொல்லண்டாம்க்கா. நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும்லா. எம் மவகிட்ட சொல்லுங்க. அவ என்னை நம்பாமத்தான் ஒரு வருசமா இந்த வீட்டுல சோறு திங்கா."

உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். போட்டோவில் பார்த்ததைவிட வளர்ந்த பெண் வந்து கதவருகே நின்றாள். அவளிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். பொம்மைப் பெட்டியில் பார்க்கச் சொன்னதே உன் அம்மாதான் என்பதையும் சொன்னேன்.

அவள் தன் அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"அப்போ ஏன் அந்தப் பெட்டியத் தொறந்து பாக்கல?"

தீட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.