மாமியார் போடாத கையெழுத்து

எங்க கப்பல் பட்டறையில அதிகாரிங்களுக்குப் பயப்படாதவன் உண்டு. என் மாமியாருக்குப் பயப்படாதவன் கிடையாது. இருபத்தாறு வருஷமா டூல் ரூம் அவங்க ராஜ்யம். அணுசக்தி நீர்மூழ்கி ஒண்ணு பழுதுபார்க்க வந்தா, உள்ளே போற ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அவங்க கையாலயே நம்பர் செதுக்கித் தருவாங்க. அத்தனையும் திரும்பி வந்தாத்தான் கையெழுத்து. கையெழுத்து இல்லேன்னா கப்பல் கிளம்பாது. மாசக்கணக்கா மூச்சுக் காட்டாம ஆழத்துல திரியிற கப்பல் அது. உள்ளே ஒரு ஸ்பேனர் உருண்டு 'டங்'குன்னா போதும், எதிரி காதுல விழுந்துடும். வீட்டுல கரண்டியைக்கூட எண்ணித்தான் கழுவப் போடுவாங்க. ஆனா எனக்கு மாப்பிள்ளை மரியாதையில ஒரு குறை வச்சதில்ல.

அன்னைக்குக் காலையில நீர்மூழ்கி கிளம்பணும். ஒரு ஸ்பேனர் குறையுது. வாங்கிட்டுப் போன புண்ணியவான் யாரு? நான்தான். திருப்பிக் குடுத்துட்டேன்னு சாதிச்சேன். சூப்பர்வைசர் மாமியாரைத் தனியாக் கூப்பிட்டு, விஷயம் மேல போனா உங்க மாப்பிள்ளை வேலைக்கே உலை வச்சிடும், பேசாம கையெழுத்துப் போடுங்கன்னார். அவங்க பேனா மூடியைக்கூடத் திறக்கல.

வேலை போச்சுன்னா எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது? ஓடிப்போய் அதே சைஸுல வேற ஸ்பேனர் பிடிச்சு, அந்த நம்பரைச் செதுக்கி, பெஞ்சுக்கடியில கிடந்துச்சுன்னு நீட்டினேன். என்ன மூளை பாருங்க! அவங்க நம்பர் மேல கட்டைவிரலை ஓட்டினாங்க. விரல்ல புது இரும்புத்தூள் மினுங்குச்சு.

"மாப்ள, இது நீங்க எடுத்துட்டுப் போனதா?"

பொய் தொண்டை வரைக்கும் வந்துச்சு. அந்த விரலைப் பார்த்ததும் முழுங்கிட்டேன்.

"இல்ல அத்தை."

கப்பலை நிறுத்திட்டாங்க. ஏழு மணி நேரம் தேடினதுல, கப்பலுக்குள்ள ஒரு பம்புக்குப் பின்னாடி, நான் வச்சு மறந்த இடத்துலயே அது சொகுசாப் படுத்துக் கிடந்துச்சு. அப்புறந்தான் கையெழுத்து விழுந்துச்சு. சாயங்காலம் கப்பல் கிளம்புச்சு. என் மேல புகாரை ஒரு வரி விடாம எழுதினதும் மாமியார்தான். வேலை தப்பிச்சுது. ஆனா ஒரு வருஷத்துக்கு எந்த நீர்மூழ்கியிலயும் கால் வைக்கக் கூடாதுன்னு உத்தரவு.

விஷயம் தெரிஞ்சதும் என் பொண்டாட்டி அவ அம்மா மேல பாய்ஞ்சா. சொந்த மாப்பிள்ளைக்காக ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நீ என்ன குறைஞ்சா போயிருப்பேன்னு கத்தினா. மாமியார் சாப்பிட்டு முடிச்சு, தட்டை ஓரமா நகர்த்தினாங்க.

"அந்தக் கப்பல்ல போன நூத்திப்பத்துப் பேரும் யாரோ ஒரு வீட்டு மாப்பிள்ளைங்கதான்டி."